யாரும் இறக்காத பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது, வரிசையாக:

1. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, கிள்ளானில் இருக்கும் மாலா அக்கா வீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

2. அக்காவின் மகள் ரேயாஷ்வி கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை வகுப்பில் 'என் பெயரின் கதை' என்று பேச வேண்டும். அதற்கு ஒத்திகை.

3. பேச்சை எழுதிக் கொடுத்தவர் அவளுடைய தாத்தா, அதாவது அக்காவின் மாமனார். "பேசும்போது இதக் கையில புடிச்சிக்க" என்று சாமி மேடையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். போட்டோஸ்டேட் கடையில் அச்செடுத்து லேமினேட் செய்த தாள். அதுவரை அது அவருடைய இறந்துபோன மகளின் படத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

4. தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இது: 'ரேயாஷ்வி. சமஸ்கிருதப் பெயர். அமுதம் நிறைந்தவள். தாத்தாவுக்கு ஆறுதல் தருபவள்.'

5. அந்த வாக்கியங்களை எழுதியவள் நான். ஏழு வருடங்களுக்கு முன், அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். அவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை.

6. ரேயாஷ்வி நாற்காலியில் நின்றபடியே கேட்டாள்: "சித்தி, டீச்சர் இது உண்மையான்னு கேட்டா என்ன சொல்றது?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் நான்தான்.

7. "உண்மைதான்னு சொல்லு" என்றேன்.

பிறகு நான் கொண்டுபோன கேக்கை வெட்டினோம். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஒரு வாசகியின் கடிதம்

இந்தத் தொடரைப் படிக்கும் ரவாங் ஊர் வாசகி ஒருவர் போன மாதம் எனக்கு எழுதியிருந்தார். 'நீங்கள் எந்தச் சூழ்நிலையிலும் நிதானம் தவறாமல் நடந்துகொள்கிறீர்கள், என் மகளிடம் படித்துக் காட்டுகிறேன்' என்று. அந்தக் கடிதம் என் மேசையில் இருக்கும்போது இந்த அத்தியாயத்தை எழுதாமல் தள்ளிப்போட முடியவில்லை.

நிதானம் என்பது உண்மைதான். அந்தப் பொய்யை நான் பதற்றத்தில் சொல்லவில்லை. மிக நிதானமாக, திட்டம் போட்டு, சோதித்துப் பார்த்துச் சொன்னேன்.

என் தொழிலே சோதிப்பதுதான். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடுவேன். தேடி, வரிசை எண் போட்டு எழுதித் தருவேன். இது என் பிழை. ஆகவே எனக்கும் அதே முறைதான்.

அமுதா

அக்காவின் மாமனாரை நானும் மாமா என்றே கூப்பிடுவேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, குறைவாகத்தான் பேசுவார். பேசினால் ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்வார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் அத்தான். இளையவள் அமுதா. கல்லூரியிலிருந்து மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தவள் வீடு வந்து சேரவில்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. என் அக்கா அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அதனால் அமுதாவை நாங்கள் இருவரும் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். வெயில் கண்ணில் பட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று மாமா மருத்துவமனைக்கு வந்தார். குழந்தையைப் பார்த்தார். "அமுதா வந்துட்டா" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பத்தொம்பது வயசுல போன புள்ள பேருடி. என் புள்ளைக்கு எப்படி வைப்பேன்? பயமா இருக்கு எனக்கு."

"மாமாகிட்ட சொல்லிடேன்."

"என்னன்னு சொல்றது? உங்க பொண்ணு பேரு ஆகாதுன்னா? அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமா? நட்சத்திரத்துக்கு 'ரே'தான் எழுத்துன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கு அவரு, 'பதிவுல ரே வச்சிக்கம்மா, வீட்ல நான் அமுதான்னு கூப்பிட்டுக்கிறேன்'ங்கிறாரு."

"அத்தான் என்ன சொல்றாரு?"

"அவரு தெலுக் பங்லிமா காராங்ல இருக்கிற ஃபேக்டரியில ஷிப்டு ஷிப்டுன்னு ஓடுறாரு. அப்பாகிட்ட வாயத் தொறப்பாரா? நீதான்டி ஏதாச்சும் பண்ணணும். உனக்குத்தான் இதெல்லாம் வரும்."

இதெல்லாம் வரும் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

பெயர் செய்த விதம்

அக்கா சொல்லச் சொல்ல, நிபந்தனைகளை எழுதிக்கொண்டேன். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது.

'ரே'யில் தொடங்க வேண்டும். வகுப்பில் வேறு ஒருவருக்கும் இருக்கக் கூடாது. மலாய் ஆசிரியை வாயிலும் சீன டாக்டர் வாயிலும் சிக்காமல் வர வேண்டும். பழைய வாடை அடிக்கக் கூடாது. கேட்டதும் 'என்ன அழகான பேரு' என்று ஆட்கள் சொல்ல வேண்டும்.

ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினேன். நடுவில் வைக்கப் பன்னிரண்டு அசைகள், கடைசியில் வைக்கப் பன்னிரண்டு அசைகள். யாஷ், விஷ், தன், ஷினி, ஷ்வி, மித்ரா, இப்படி. நம் பிள்ளைகளின் பள்ளிப் பெயர்ப்பட்டியல் எதை எடுத்தாலும் இந்த அசைகளைப் பார்க்கலாம். இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கும். என் நிரலும் அவற்றை இடம் மாற்றி உட்காரவைத்தது. நூற்றுச் சொச்சம் பெயர்கள் வந்தன. பாதியை வாயால் சொல்லவே முடியவில்லை. மீதியில் ஒன்று ரேயாஷ்வி.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் ஓர் எண் கணித ஜோதிடர் இருந்தார். அக்கா சொன்னதால் அவரிடம் பெயரை எடுத்துப் போனேன். எழுத்துகளைக் கூட்டினார். தலையை ஆட்டினார்.

"அஞ்சு வருது. பிரமாதம்."

"ஐயா, இதுக்குப் பொருள் என்னன்னு கேட்டா?"

"பொருளா? அது நெட்ல இருக்கும்மா" என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டபடியே.

மாடிப்படி இறங்கும்போது மல்லிகை வாசனை அடித்தது. நெட்டில் இருக்காது, நான்தானே செய்தேன் என்று நினைத்தேன். அடுத்த படியில், நெட்டில் இருக்கவைக்கலாம் என்று நினைத்தேன்.

கொஞ்சம் விலகி ஒரு பேச்சு

இப்படிப்பட்ட பெயர்களைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. என் அலுவலகத்தில் ஓர் அண்ணன், "இப்ப உள்ள பிள்ளைங்க பேரெல்லாம் மருந்துப் பாட்டில்ல எழுதியிருக்கிற மாதிரி இருக்குலா" என்பார். சிரிப்பேன். ஆனால் அதன் கவர்ச்சி என்ன என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் கவிதா. என் வகுப்பில் மூன்று கவிதாக்கள். நான் உயரம் என்பதால் 'பெரிய கவிதா'. சாலாக் செலாத்தானில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் அப்பாவின் பெயரில் நான்கு பேர். தபால் மாறிப் போகும். எங்களுக்கென்று தனியாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்ட பெண்கள்தான் இன்று தாய்மார்கள்.

அது மேலோட்டமான காரணம். இன்னொன்று இருக்கிறது. பழைய பெயர் எதை எடுத்தாலும் அதில் ஏற்கெனவே யாரோ இருப்பார்கள். குடித்தே செத்த ஒரு சித்தப்பா, புருஷன் விட்டுப்போன ஒரு பெரியம்மா, சண்டை போட்டுப் பிரிந்த ஒரு பங்காளி. புதிதாகச் செய்த பெயரில் யாரும் இல்லை. அந்தப் பெயரில் யாரும் தோற்றதில்லை, யாரும் அழுததில்லை, யாரும் இறந்ததில்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும்.

அக்கா கேட்டது அந்தத் தட்டைத்தான். அவள் பயத்தை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் கொடுத்ததோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் செய்தது

குழந்தைப் பெயர்களுக்கான இணையதளம் ஒன்றில் 'உங்களுக்குத் தெரிந்த பெயரைச் சேருங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெயரை அடித்தேன். மொழி என்ற இடத்தில் சமஸ்கிருதம். பொருள் என்ற இடத்தில், அமுதம் நிறைந்தவள். அனுப்பும் முன் சற்று யோசித்து, தாத்தாவுக்கு ஆறுதல் தருபவள் என்பதையும் சேர்த்தேன். அந்த வரியை உலகத்தில் ஒரே ஒருவருக்காக எழுதினேன்.

இரண்டு நாளில் தளத்தில் ஏறிவிட்டது. யாரும் எதையும் கேட்கவில்லை.

கிள்ளான் போய் மாமாவிடம் கைப்பேசியை நீட்டினேன்.

"பாருங்க மாமா. இந்தப் பேருக்கு அர்த்தமே அமுதம்தான். ரெண்டு பேரு எதுக்கு? இதுக்குள்ளேயே அமுதா இருக்கா."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "தாத்தாவுக்குன்னு கூடப் போட்டிருக்கே" என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். கண்ணாடி அழுக்காக இல்லை.

"இத எனக்கு வாட்ஸாப்ல அனுப்பி வைம்மா."

அனுப்பினேன்.

முப்பதாம் நாள் குழந்தைக்குப் பெயரிட்டார்கள். காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. அந்த வீட்டில் அத்தை இல்லை. "நான் சொல்றேன்" என்று மாமா தொட்டிலுக்குக் குனிந்தார். மூன்று முறைக்கு ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார். எல்லாரும் காத்திருந்தோம். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நன்றி என்று அர்த்தம்.

பதினோரு தளங்கள்

ஒத்திகை முடிந்து ரயிலில் திரும்பும்போது அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஏழு வருடமாகத் தேடாமல் இருந்தேன் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதினோரு தளங்களில் இருந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எடுத்திருக்கிறது. எல்லாவற்றிலும் 'தாத்தாவுக்கு ஆறுதல் தருபவள்' இருந்தது. யாரோ ஒரு தாய் பிறந்தநாள் பலூன்களுக்கு நடுவே ரேயாஷ்வி என்ற குழந்தையின் படத்தைப் போட்டிருந்தாள். எந்த ஊர் என்று தெரியவில்லை. 'பொருளைப் படித்ததும் என் அப்பா அழுதுவிட்டார்' என்று கீழே எழுதியிருந்தாள்.

ஷா ஆலம் நிலையத்தில் கதவு திறந்து மூடியது. கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். பிறகு அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'மாமாவிடம் சொல்லப் போகிறேன்.'

உடனே போன் வந்தது.

"பைத்தியமாடி உனக்கு? ஏழு வருஷம் கழிச்சி எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை பாப்பா அத்தன பேரு முன்னாடி பேசப் போறாக்கா."

"பேசட்டுமே. ஏழு வயசுப் புள்ள பேசறத கோர்ட்டுல எழுதி வைக்கப் போறாங்களா?"

"அந்தத் தாள் அமுதா படத்துக்குப் பக்கத்துல இருக்கு."

"சொன்னா சொல்லு. என்ன மட்டும் இழுக்காத" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை

அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். மாமா வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், சின்ன முக்காலியில் உட்கார்ந்து ரேயாஷ்வியின் பள்ளிச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்து முடிந்துவிட்டது. மற்றது கையில்.

"வாம்மா. வேல இல்லியா இன்னிக்கி? பசியாறிட்டியா?"

"ஆச்சு மாமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பதுபோல் மனதுக்குள் வரிசைப்படுத்தி வந்திருந்தேன். "அந்தத் தாள்ல இருக்கிறது நான் எழுதினது."

"ஆமா. நீதானே தேடிக் கொடுத்த."

"தேடல மாமா. நானே எழுதி நெட்ல போட்டேன். அப்படி ஒரு வார்த்த கெடையாது."

பிரஷ் நிற்கவில்லை. "சமஸ்கிருதத்துல இல்லியா?"

"எதுலயும் இல்ல. கம்ப்யூட்டர்ல எழுத்தச் சேத்துச் சேத்துப் பாத்தேன். அதுல வந்தது."

பிரஷ் நின்றது.

"அப்ப அமுதா அதுல இல்லியா?"

"இல்ல மாமா."

சப்பாத்தைக் கீழே வைத்தார். அதற்கு ஜோடியானதையும் எடுத்துப் பக்கத்தில் நேராக வைத்தார். எதிர்வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

"அவ பேரு வேணாம்னு யாரு சொன்னது? மருமவளா?"

'இல்லை மாமா, நானாகத்தான் செய்தேன்' என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு வரி. அக்கா கேட்டுக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். ஏழு வருடம் சரளமாக வந்த பொய், வேண்டிய அந்த நொடியில் எனக்கு வரவில்லை. நான் சும்மா நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"நான் பிள்ள காதுல மூணு தடவ சொன்னேன்லா" என்றார். "அமுதாவுக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைவு. அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. எழுந்து, சப்பாத்துகளை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கிப் பிள்ள பேசட்டும். மனப்பாடம் பண்ணிட்டா. இப்ப மாத்தினா திணறுவா."

உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நான் கேட்டைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். அவள் திட்டவில்லை.

"மத்தியானத்துலேர்ந்து அவரு ரூம விட்டு வரல. சாப்பாடு வச்சேன், எடுக்கல. என்னப் பாத்து ஒரு வார்த்த கேக்கல. கேட்டுட்டாக்கூடப் பரவால்ல" என்றாள். "நீ உன் பாரத்த எறக்கி வச்சிட்டு ரயில் ஏறிட்ட. இந்த வீட்ல இருக்கிறது நான்தான்."



வெள்ளிக்கிழமை

வீடியோவை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஆசிரியை எடுத்து அனுப்பியது.

ரேயாஷ்வி இரட்டைப் பின்னலில் நிற்கிறாள். சப்பாத்து பளபளக்கிறது. கையில் தாள் இல்லை. "என் பெயர் ரேயாஷ்வி. இது சமஸ்கிருதப் பெயர். என் பெயருக்கு அமுதம் என்று பொருள். என் அத்தையின் பெயர் அமுதா. அத்தை என் பெயருக்குள் இருக்கிறார் என்று தாத்தா சொல்வார்." ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். பரிசாக ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது.

நல்ல குரல் அவளுக்கு. ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்கிறாள். மாமாவிடமிருந்து வந்த பழக்கம்.

இப்போதைய நிலவரம்

பதினோரு தளங்களுக்கும் எழுதினேன். இரண்டு நீக்கிவிட்டன. ஒன்று, 'அப்படியானால் சரியான பொருள் என்ன?' என்று கேட்டிருந்தது. மற்றவை பதில் போடவில்லை. பலூன் படத்துத் தாய்க்கு எழுதத் தொடங்கி மூன்று முறை அழித்துவிட்டேன்.

பள்ளி விடுமுறையில் ரேயாஷ்வியிடம் சொன்னேன், அக்காவை வைத்துக்கொண்டு. "அப்ப என் பேருக்கு அர்த்தமே இல்லியா சித்தி?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

அக்கா இதைப் படித்தாள். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். எங்களுக்குள் பேச்சு இருக்கிறது, முன்புபோல் நீள்வதில்லை.

மாமாவிடமும் கேட்டேன். "எழுதிக்க. அமுதாவப் பத்தி மட்டும் சரியா எழுது" என்றார். அவர் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன், ஜோடிக்கவில்லை.

லேமினேட் செய்த தாள் சாமி மேடையில் இல்லை. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அமுதாவின் படம் அதே இடத்தில் இருக்கிறது.

மாமா இப்போதும் தினமும் பள்ளிக்குப் போய்ப் பேத்தியை அழைத்து வருகிறார். அவள் பையைத் தூக்குகிறார், தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுக்கிறார். முன்பெல்லாம் பள்ளி வாசலில் மற்ற தாத்தாக்கள் தங்கள் பேரப்பிள்ளைகளைப் பாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, அவர் ஒருவர் மட்டும் 'ரேயாஷ்வி' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது 'பாப்பா' என்கிறார். பத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவளும் திரும்புகிறாள்.

அந்தப் பெயரை அவர் இதுவரை மறுபடி சொல்லவில்லை.